ஆமை புகுந்த வீடு

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்பார்கள். இப்போதோ, நட்சத்திர ஆமை இருந்தால் அதிர்ஷ்டமாம்! திருட்டுத்தனமாக வாங்கி வளர்க்கிறார்கள். உண்மையில் உருப்படாமல் போவது அந்த ஆமைதான்.

வறண்ட புதர்க்காட்டில் புல்லும் இலையும் மேய்கிற ஜீவன் அது. வீட்டில் கிடைப்பதோ தக்காளி, வெள்ளரிக்காய், சோறு. வெயிலும் கிடையாது. வெயில் படாவிட்டால் வைட்டமின் டி இல்லை. அது இல்லாமல் கால்சியம் உடம்பில் சேராது. எலும்பு மெலியும், ஓடு கோணலாகும். வெளியே தெரிவதற்குள் பல மாதங்கள் ஓடிவிடும்.

கடலாமையைப் பிடித்தால் ஜெயில் என்று புதுமடம் கடற்கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நட்சத்திர ஆமைக்கும் அதே 1972 வனவிலங்குச் சட்டம்தான். 2019-ல் சர்வதேச வியாபாரமும் தடை செய்யப்பட்டது.

வைத்திருப்பவர்கள் வனத்துறையிடம் ஒப்படைத்துவிடட்டும். அதிர்ஷ்டம் ஆமைக்காவது கிடைக்கட்டுமே!