கையெழுத்துப் போட்டால் முழுப் பணமுமா?

“கம்பெனி காசில் படித்தாய், பாண்டில் கையெழுத்தும் போட்டாய். நடுவில் போவதென்றால் முழுப் பணத்தையும் வைத்துவிட்டுப் போ.” நிறுவனம் கட்டணம் கட்டி எம்பிஏ முடித்தவர்களும், வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போய் வந்தவர்களும் ராஜினாமாக் கடிதம் கொடுத்ததும் கேட்கிற முதல் பதில் இது. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் தீர்ப்பு வந்த பிறகு, “சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது” என்ற வரியும் இதனோடு சேர்ந்துகொண்டது. படிக்கவைத்த நிறுவனத்துக்குப் பணம் கேட்க உரிமையே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. அடுத்தவர் காசில் பட்டம் வாங்கி, மறுமாதமே கிளம்பிப் போகிறவர் அதைத் திருப்பித் தரத்தான் வேண்டும். ஆனால் நிறுவனம் கேட்கக்கூடியது இன்னும் ஈடாகாமல் நிற்கும் செலவை மட்டுமே. பத்திரத்தில் எழுதிவைத்த தொகையை அப்படியே கேட்க முடியாது.

முதலில் கையெழுத்து. ஒப்பந்தத்தில் தொகை எழுதியிருந்தால் அதுவே முடிவு என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு அப்படிச் சொல்லவில்லை. எழுதப்பட்ட தொகை உச்சவரம்பு; அதற்கு உட்பட்டு நியாயமான இழப்பீடு எவ்வளவோ அவ்வளவுதான் கிடைக்கும். 2015-இல் கைலாஷ்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் தெளிவாக்கியது: நஷ்டம் இருந்தால்தான் இழப்பீடு, நஷ்டத்தை நிரூபிக்க முடிகிற இடத்தில் நிரூபித்தே ஆகவேண்டும், அளக்க வழியில்லாத நஷ்டத்துக்குத்தான் முன்கூட்டி மதிப்பிட்டு எழுதிய தொகைக்கு இடம். கல்லூரிக் கட்டணத்தில் அளக்க முடியாதது என்ன இருக்கிறது? ரசீது கணக்குப் பிரிவிலேயே கிடக்கிறது. இது நடைமுறையில் எப்படி வரும் என்பதற்கு 2011-இல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்த்த சிக்பா இந்தியா வழக்கைப் பார்க்கலாம். மூன்று ஆண்டு பாண்டு, மீறினால் 2 லட்சம் ரூபாய். பயிற்சிக்காக நிறுவனம் செலவிட்டதாகக் கணக்கில் நின்றது 67,595 ரூபாய். ஊழியர் இரண்டு ஆண்டு வேலை பார்த்திருந்தார். மீதமிருந்த ஓர் ஆண்டுக்கு, அதாவது செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு, நீதிமன்றம் கொடுத்தது 22,532 ரூபாய். கேட்ட 2 லட்சம் எங்கே, கிடைத்தது எங்கே!

இந்த வகுத்தல் கணக்கு நிறுவனத்துக்கு அநியாயம் என்று ஒரு மறுப்பு வரும். பட்டம் ஊழியரோடு ஆயுள் முழுக்கப் போகிறதே, அதை எப்படி மாதக் கணக்கில் கழிப்பது என்பார்கள். காலத்தை நிர்ணயித்தது யார் என்று பார்த்தாலே இதற்குப் பதில் கிடைத்துவிடும். இந்தச் செலவுக்கு மூன்று ஆண்டு உழைப்பு சமம் என்று விலை வைத்தது நிறுவனம்தான். மூன்று ஆண்டு முழுச் செலவுக்கு ஈடென்றால், இரண்டு ஆண்டு மூன்றில் இரண்டு பங்குக்கு ஈடு. முப்பத்தைந்து மாதம் உழைத்தவரும் ஒரே மாதத்தில் ஓடியவரும் ஒரே தொகையைக் கட்டவேண்டும் என்று எழுதும்போது, அங்கே செலவை மீட்கும் நோக்கம் போய், பயமுறுத்திப் பிடித்துவைக்கும் நோக்கம் வந்துவிடுகிறது. அரசே இதை ஒரு சந்தர்ப்பத்தில் எழுத்தில் சொல்லியிருக்கிறது. பாண்டுத் தொகைக்கு ஜிஎஸ்டி உண்டா என்ற கேள்விக்கு, 2022 ஆகஸ்டில் மறைமுக வரி வாரியம் வெளியிட்ட சுற்றறிக்கை இல்லை என்றது. அதற்குச் சொன்ன காரணம்தான் கவனிக்கத் தக்கது: இந்தத் தொகை எந்தச் சேவைக்கும் விலையல்ல, பாதியில் போகிறவர்களைத் தடுப்பதற்கான தண்டம். வரி கட்டும்போது தண்டம், ஊழியரிடம் வசூலிக்கும்போது படிப்புச் செலவு என்று இரண்டு முகம் காட்ட முடியாது.

இனி விஜயா வங்கித் தீர்ப்பு. அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறவர்கள் பலர் அதைப் படித்த மாதிரித் தெரியவில்லை. அந்த வழக்கில் யாரும் யாரையும் படிக்கவைக்கவில்லை. 2007-இல் சீனியர் மேனேஜராகச் சேர்ந்தவர், மூன்று ஆண்டு முடியுமுன் 2009-இல் வேறு வங்கிக்குப் போனார். 2 லட்சத்தை எதிர்ப்புத் தெரிவித்தபடியே கட்டிவிட்டு வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனை செல்லும் என்றது உண்மை. ஆனால் அதற்கு அடிப்படையாக நின்றது ஆளெடுப்புச் செலவு. பொதுத்துறை வங்கி நினைத்த மாத்திரத்தில் ஒருவரை நியமித்துவிட முடியாது. விளம்பரம் கொடுத்து, போட்டி நடத்தி, அரசியலமைப்பின் சமவாய்ப்பு விதிகளுக்குக் கட்டுப்பட்டே எடுக்கவேண்டும். அந்த நஷ்டத்துக்கு ரசீது கிடையாது. அவர் பதவிக்கும் சம்பளத்துக்கும் அந்தத் தொகை அதிகமில்லை என்றும் நீதிமன்றம் பார்த்தது. அதே தீர்ப்பில், அச்சடித்த வேலை ஒப்பந்தங்கள் இரு தரப்பின் பலம் சமமில்லை என்பதற்கு மேலோட்டமான சான்று என்றும், கட்டுப்படுத்தும் நிபந்தனை நியாயமானது என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளிக்கே என்றும் வருகிறது. எச்ஆர் மின்னஞ்சல்களில் இந்தப் பகுதியை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

எதிர்த்தரப்பின் பலமான ஆயுதம் உண்மையில் நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து வந்தது. 1996-இல் தோஷ்னியால் பிரதர்ஸ் வழக்கில், முதலாளியின் செலவில் தனிப் பயிற்சி பெற்றவர் வாக்கை மீறினால், அந்த மீறலே சட்டப்படி பாதிப்புதான் என்று அது சொன்னது. சரி. ஆனால் இதன் உயிர் ‘முதலாளியின் செலவில் பெற்ற தனிச் சலுகை’ என்ற நிபந்தனையில் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவர்களைக் கூட்டமாக உட்காரவைத்து, கம்பெனியின் சொந்த மென்பொருளையும் விடுப்பு விதிகளையும் சொல்லிக்கொடுத்துவிட்டு, அதற்கு ஒரு லட்சம் என்று விலை ஒட்டுவது இதற்குள் அடங்காது. அது தொழில் நடத்தும் செலவு.

பாண்டைத் தளர்த்தினால் எந்த நிறுவனமும் இனி ஊழியரைப் படிக்கவைக்காது என்பது கடைசி வாதம். அந்தப் பயத்துக்கு அவசியமில்லை. ‘இரு, இல்லாவிட்டால் கட்டு’ வகை ஒப்பந்தங்களை 2026 ஜனவரி முதல் தடைசெய்த கலிஃபோர்னியா மாநிலம்கூட, எங்கும் செல்லுபடியாகும் பட்டத்துக்கான கட்டணத்துக்கு விலக்கு கொடுத்திருக்கிறது. அதற்கு நிபந்தனைகள் இவை: ஒப்பந்தம் தனியாக இருக்கவேண்டும், பட்டம் பெறுவதை வேலைக்கு நிபந்தனையாக்கக் கூடாது, தொகையை முன்பே சொல்லவேண்டும், அது உண்மைச் செலவைத் தாண்டக்கூடாது, இருந்த காலத்துக்கு ஏற்பக் குறையவேண்டும், தவறேதும் செய்யாதவரை வேலையிலிருந்து நீக்கினால் கேட்கக் கூடாது. உண்மையாகவே கட்டணம் கட்டிய முதலாளி இவற்றில் எதற்குப் பயப்படவேண்டும்?

நம் ஊரில் விவகாரம் பெரும்பாலும் நீதிமன்றம் வரை போவதில்லை. ரிலீவிங் லெட்டரை நிறுத்திவைப்பது, அசல் சான்றிதழைப் பூட்டிவைப்பது, தேதி போடாத காசோலையைக் காட்டி மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவில் வழக்கு என்று மிரட்டுவது: வசூல் இப்படித்தான் நடக்கிறது. அந்தக் காசோலை வழக்குக்கும் சட்டப்படி செல்லுபடியாகும் கடன் ஒன்று இருந்தாக வேண்டும். பணம் கேட்டுக் கடிதம் வந்தால் எழுத்தில் பதில் போடலாம்: கல்லூரிக்குக் கட்டிய ரசீது எது, மொத்தக் காலம் எத்தனை மாதம், நான் உழைத்தது எத்தனை மாதம், மீதி எவ்வளவு. மூன்று லட்ச ரூபாய்க் கட்டணம், இருபத்து நான்கு மாதம், பதினெட்டு மாதம் உழைத்தாயிற்று என்றால் பாக்கி 75,000. அதைக் கட்டுவதில் யாருக்கும் மானக்கேடு இல்லை.