கடைமடைக்கு எட்டாத கரண்ட்

போன தை மாதம், சம்பா அறுவடை மும்முரமாக இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தெருப் பையன் ஒருவன் தன் காரை என் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். எட்டு வருஷம் ஓடிய சின்னக் கார். டிக்கியில் புதிதாக ஓர் ஆம்ப்ளிஃபையர், 12 அங்குல சப்வூஃபர். கடைக்குப் போகாமல் எல்லாவற்றையும் அவனே மாட்டியிருந்தான். "பேஸ் அடிக்கும்போதெல்லாம் ஹெட்லைட் மங்குது சார். ஆக்சிலேட்டரை மிதிச்சா பாட்டோட சேர்ந்து 'உய்'னு ஒரு சத்தம் ஏறுது. ஆம்ப் டூப்ளிகேட்டா இருக்குமோ?" என்றான்.

மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். இன்ஜினை ஓடவிட்டு, அவன் போனிலிருந்து 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஒரே சீராக ஒலிக்கச் செய்து அளந்தேன். பேட்டரி முனையில் 14.0 வோல்ட், டிக்கியில், ஆம்ப்பின் முனையில் 12.2. நடுவில் காணாமல் போன 1.8 வோல்ட்டில் 0.7 பவர் வயரிலும் 1.1 எர்த்திலும் தொலைந்திருந்தது. மலிவான ஆம்ப்களில் வோல்ட் குறைந்தால் வெளிவரும் சக்தி அதன் இருமடியில் குறையும். ஆக, அவன் காசு கொடுத்து வாங்கிய சத்தத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு ஸ்பீக்கருக்கு வந்தே சேரவில்லை. ஆம்ப் மேல் குற்றமில்லை.

டெல்டாவில் பிறந்தவனுக்கு இதை விளக்க ஓம் விதி வேண்டியதில்லை. ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்து, கல்லணைக்குத் தண்ணீர் வந்து சேர்ந்த பிறகும் கடைமடைக்காரர் வரப்பில் நின்று வாய்க்காலைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். நம் பூமி தட்டை, சரிவு குறைவு. சரிவு குறைந்த நிலத்தில் தண்ணீர் நகர வேண்டுமென்றால் வாய்க்கால் அகலமாக இருக்க வேண்டும், தூர் வாரியிருக்க வேண்டும். காரின் 12 வோல்ட் அப்படிப்பட்ட தட்டை பூமி. வீட்டின் 230 வோல்ட் மலைச்சரிவு; அங்கே ஒடுக்கமான ஓடையிலும் பாய்ந்துவிடும். வீட்டில் 600 வாட் மிக்சி ஓட 3 ஆம்பியர்கூட வேண்டாம். காரில் அதே 600 வாட்டுக்கு 50 ஆம்பியர் வேண்டும். பையன் இழுத்திருந்ததோ வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 4 சதுர மில்லிமீட்டர் வயர். அதில் 5 மீட்டர் தூரத்துக்கு 50 ஆம்பியர் ஓடினால் ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். ஒரு ஹெட்லைட் பல்பு எடுக்கும் சக்தி முழுவதும் அந்த வயரில் சூடாக மாறும். 16 சதுர மில்லிமீட்டர் போட்டிருந்தால் இழப்பு கால் வோல்ட்டோடு நின்றிருக்கும். 'ஆம்ப் கிட்' என்று பெட்டியில் வருகிற தடித்த வயரை நம்புவதிலும் ஒரு சிக்கல் உண்டு. அவற்றில் பல, செம்பு பூசிய அலுமினியம். செம்பைப்போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு தடை. தடிமன் முழுக்க ரப்பரில் இருக்கும்.

வாய்க்காலைப் பற்றிப் பேசுகிறவர்களும் வடிகாலை மறந்துவிடுகிறார்கள். போன கரண்ட் பேட்டரிக்குத் திரும்பி வர வேண்டுமே! பையன் எர்த்தைப் பின் சீட்டு போல்ட்டில், பெயின்டுக்கு மேலேயே முடுக்கியிருந்தான். தனியாக ஓர் இடம் பார்த்து, தகடு பளபளக்கும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வளைய முனை வைத்து முடுக்கி, துருப்பிடிக்காமல் இருக்க வாசலின் தடவினோம். எர்த்தில் தொலைந்த 1.1 வோல்ட் 0.1 ஆனது. 'உய்' சத்தத்தில் முக்கால்வாசி அப்போதே போய்விட்டது. பாட்டு வரும் மெல்லிய ஆர்சிஏ வயரும் பவர் வயரும் ஒரே பக்கமாகக் கட்டிப்பிடித்துக்கொண்டு போயிருந்தன. அதைப் பிரித்து மறுபக்கமாக விட்டதும் மிச்சமும் போனது.

இதையெல்லாம் நான் ஒரு நிபுணனின் தெம்போடு எழுதிவிடலாம். ஆனால், 1990களின் தொடக்கத்தில் என் சித்தப்பாவின் அம்பாசிடருக்கு கேசட் செட்டும் ஆம்ப்பும் மாட்டிக் கொடுத்தவன் நான். அப்போது பாலிடெக்னிக்கில் மின்னியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். இன்ஜினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் இருக்கும் தகட்டில் ஓட்டை போட்டேன். ஓட்டைக்கு ரப்பர் குரோமெட் போடவில்லை. ஃபியூஸ் ஆம்ப்பிலேயே இருக்கிறதே என்று பேட்டரி பக்கம் எதுவும் வைக்கவில்லை. நாலு மாதம் அருமையாகப் பாடியது. கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில், தகட்டு விளிம்பு வயரின் மேல்தோலை அறுத்து முடித்தது. டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து வெள்ளைப் புகை. சாவியைத் திருப்பி எடுத்தும் நிற்கவில்லை; சாவியின் பேச்சைக் கேட்காத லைன் அது. சித்தப்பா பானெட்டைத் திறந்து, தோளில் கிடந்த துண்டைச் சுற்றிப் பேட்டரி முனையைப் பிடுங்கினார். காலடி மிதியடி பொசுங்கியதோடு தப்பினோம். பின் சீட்டில் மூன்று குழந்தைகள் இருந்தார்கள்.

அந்தப் புகையைப் பற்றி வகுப்பில் பேச எனக்குப் பல வருஷம் பிடித்தது. காரணம் வெட்கம் மட்டுமல்ல. எங்கள் பாடத்திட்டமும் பேச்சுவழக்கும் ஆபத்தை ஷாக்கோடு மட்டும் முடிச்சுப் போட்டு வைத்திருந்தன. "12 வோல்ட்தானே, ஒண்ணும் பண்ணாது" என்று மாணவர்களிடம் நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். தொட்டால் ஒன்றும் செய்யாது என்பது உண்மை. ஆனால், ஒரு கார் பேட்டரி ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர்களைக் கொட்டும். வெல்டிங் வைக்கிற அளவு கரண்ட். ஃபியூஸ் ஆம்ப்பைக் காப்பாற்றுவதற்கு என்று நினைப்பதுதான் இதில் அடிப்படைத் தவறு. பேட்டரிக்குப் பக்கத்து ஃபியூஸ் வயரைக் காப்பாற்றுகிறது. கடைமடையில் இருக்கும் ஃபியூஸ், நடுவாய்க்காலில் கரை உடைந்தால் என்ன செய்யும்? அதனால் பேட்டரியிலிருந்து ஒரு சாண், மிஞ்சினால் இரண்டு சாணுக்குள் அது இருக்க வேண்டும். ஆம்ப் எவ்வளவு இழுக்கிறது என்பதைவிட, அந்த வயர் எவ்வளவு தாங்கும் என்பதை வைத்து அதன் அளவை முடிவு செய்ய வேண்டும்.

12 வோல்ட்டின் இந்தக் குணத்தை நம் ஊர் மைக்செட்காரர்கள் எந்தப் பாலிடெக்னிக்குக்கும் போகாமல் அறிந்திருந்தார்கள். காரில் ஆம்ப் வைத்துப் பாட்டு ஓட்டுவது ஏதோ நேற்று வந்த மோகம்போலப் பேசுகிறோம். அம்பாசிடர் கூரையில் குழாய் கட்டி, தேர்தலுக்கும் சினிமாவுக்கும் திருவிழாவுக்கும் தெருத்தெருவாக அறிவிப்புச் செய்தவர்கள்தான் இந்தத் தொழிலின் முன்னோர். கரண்டிலும் 12 வோல்ட் பேட்டரியிலும் ஓடும் அஹுஜா ஆம்ப்ளிஃபையரை அவர்கள் காரின் பேட்டரியோடு கோத்து நான் பார்த்ததில்லை. பின் சீட்டில் தனி பேட்டரி உட்கார்ந்திருக்கும். கோயில் வாசலிலிருந்து கடைத்தெரு முனைவரை ஒல்லி வயரில் பாட்டை அனுப்ப 100 வோல்ட் லைனைப் பயன்படுத்துவார்கள். 100 வாட்டை நேராக 4 ஓம் ஸ்பீக்கருக்கு அனுப்பினால் 5 ஆம்பியர். 100 வோல்ட்டாக ஏற்றி அனுப்பினால் 1 ஆம்பியர்தான், வயர் இழப்பு 25-ல் ஒரு பங்கு. கடைமடைக்கு எப்படிக் கொண்டுசேர்ப்பது என்ற கேள்வியை அவர்கள் முதலில் கேட்டார்கள். இன்றைய பையன்கள் கேட்பது எத்தனை வாட் என்று.

அந்த வாட் கணக்கே ஒரு வேடிக்கை. கார் செட்டின் அட்டைப்பெட்டியில் '50 வாட் x 4' என்று போட்டிருக்கும். உள்ளே வோல்ட்டை ஏற்றும் சுற்று இல்லாத சாதாரண செட், 14.4 வோல்ட்டை வைத்து 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சுத்தமாகக் கொடுக்கக்கூடிய உச்சம் 26 வாட். நடைமுறையில் 20 சொச்சம். 50 எங்கிருந்து வந்தது? அலையின் தலையும் காலும் வெட்டுப்பட்டு, சதுரமாகிப் போகும் அளவுக்கு முறுக்கினால் 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்த 52 வாட் வரும். காதால் கேட்க முடியாத வாட் அது. இதனால்தான் தனி ஆம்ப் தேடுகிறார்கள். அந்தத் தேடலில் நியாயம் இருக்கிறது. சங்கீதம் சோதனை ஒலிபோல ஒரே சீராக இழுப்பதில்லை, சராசரிக் கரண்ட் உச்சத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது, நான் பயமுறுத்துகிறேன் என்றும் ஒருவர் வாதிடலாம். சரியான வாதம்தான். ஆல்டர்னேட்டரும் பேட்டரியும் தாக்குப்பிடிப்பதே அதனால்தான். ஆனால், ஷார்ட் சராசரி பார்த்து வருவதில்லை.

சட்டம் இங்கே எங்கே நிற்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கு ஒன்றில் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். ஆனால், 52-வது பிரிவு 'மாற்றம்' என்பதற்குத் தரும் விளக்கம், வண்டியின் கட்டமைப்பில் அடிப்படை அம்சம் மாறுவது. டிக்கியில் ஓர் ஆம்ப் வைப்பது அதற்குள் வராது என்றே நான் படிக்கிறேன். ஆக, பம்பரில் மாட்டிய இரும்புக் குழாயை வழிமறித்துக் கழற்றச் சொல்கிறார்கள். டேஷ்போர்டுக்கு அடியில் ஃபியூஸ் இல்லாமல் ஓடும் வயரைத் திறந்து பார்க்க யாருமில்லை. பார்க்கத்தான் வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. ஒவ்வொரு வயருக்கும் ஆர்டிஓ கையெழுத்து என்று ஆரம்பித்தால், தன் வண்டியைத் தானே திறந்து பார்க்கும் பழக்கமே இந்த ஊரில் செத்துவிடும். தஞ்சையின் கீழவாசலிலும் நாஞ்சிக்கோட்டை சாலையிலும் ஸ்பேனரோடு வளர்ந்த எத்தனையோ கைகளை உருவாக்கியது அந்தப் பழக்கம்தான்.

ஆனாலும் கை வைக்கக் கூடாத இடங்கள் என்று சில உண்டு; அங்கே எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. மஞ்சள் நிறக் கனெக்டர் கண்ணில் பட்டால் அது ஏர்பேக் வழி, திரும்பிவிட வேண்டும். முன்கண்ணாடி ஓரத் தூணுக்குள் வயர் நுழைப்பது திரை ஏர்பேக் உள்ள கார்களில் உயிரோடு விளையாட்டு. புதிய கார்கள் பலவற்றில் பேட்டரியின் மைனஸ் முனையில் கரண்டை அளக்கும் சென்சார் உட்கார்ந்திருக்கும். எர்த்தை அந்த முனையிலேயே நேராக மாட்டினால் காரின் கணக்கு பிசகிவிடும். மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிறக் கேபிளின் அருகில்கூடப் போக வேண்டாம்.

சத்தத்தைப் பற்றிக் கேட்பார்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்கின்றன. நம் தெருக்களில் கோயில் ஒலிபெருக்கியே அதைத் தாண்டிவிடும் என்பதால், கார் வைத்திருப்பவனுக்கு மட்டும் உபதேசம் செய்ய எனக்கு நா எழவில்லை.  தவிர, வெளியே கேட்பதில் ஒரு பங்கு டிக்கித் தகட்டின் உதறல். தஞ்சாவூர் வீணைக்குப் பலாமரத்தைக் குடைவது மரமும் சேர்ந்து பாட வேண்டும் என்பதற்காக. சப்வூஃபர் பெட்டிக்கு நேர்மாறு; பெட்டி வாயைத் திறக்கக் கூடாது. கனத்த பலகையில் செய்து, மூலைக்குப் பசை வைத்து, தகட்டுக்கு அதிர்வு அடக்கும் ஷீட் ஒட்டினால் பாதி வால்யூமே போதும்.

பையனிடம் நான் கேட்டது இரண்டே விஷயம். ஒன்று, வயர் எங்கே ஆரம்பித்து எந்தப் பக்கமாகப் போய் எங்கே முடிகிறது, ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் என்று ஒரு தாளில் வரைந்து பானெட்டுக்கு உள்பக்கம் ஒட்டச் சொன்னேன். நாளை காரை வாங்குபவரோ ரிப்பேர் பார்க்கும் எலக்ட்ரீஷியனோ குருட்டாம்போக்கில் கத்தி வைக்கக் கூடாது. மாட்டிக் கொடுக்கும் கடைகளும் பில்லோடு இப்படி ஒரு தாள் கொடுத்தால் எந்தச் சட்டமும் இல்லாமலே பாதி விபத்து குறையும். இன்னொன்று, இன்ஷூரன்ஸ். காரோடு வராத மின்சாதனங்களுக்கு ஐஎம்டி-24 என்ற ஒப்பந்தக் குறிப்பு பாலிசியில் உண்டு. ஆம்ப்பின் மதிப்பைச் சொல்லி, அதற்கான பிரீமியத்தைக் கட்டிச் சேர்க்க வேண்டும். சொல்லாமல் விட்டு, எரிந்த பிறகு பேசிப் பயனில்லை.

பழைய வயரை உருவிப் போட்டுவிட்டு 16 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரை நெளிவுக் குழாய்க்குள் விட்டு இழுத்தோம். பேட்டரி பக்கத்தில் 60 ஆம்பியர் ஃபியூஸ், ஓட்டைக்கு குரோமெட். ஆம்ப் முனையில் 13.7 காட்டியது. பையன் சந்தோஷமாகப் போனான்.

பத்து நாள் கழித்துப் போன் வந்தது. "இடது பக்கம் பாடல சார்." போய்ப் பார்த்தேன். அறுப்பு முடிந்து வயலில் இரை தீர்ந்ததும் ஊருக்குள் வந்த எலி ஒன்று, சீட்டுக்கு அடியில் ஸ்பீக்கர் வயரைக் கொறித்துவிட்டிருந்தது. பவர் வயருக்குப் போட்ட நெளிவுக் குழாயை ஸ்பீக்கர் வயருக்கும் போடச் சொல்ல மறந்தவன் நான்தான். ஒட்டுப் போட்டு முடித்துக் கீழே குனிந்தால், முன் சக்கரத்துப் பக்கம் அவன் அப்பா வயலிலிருந்து எடுத்துவந்த ஒரு மூங்கில் எலிக்கிட்டியை வைத்திருந்தார்.

(கட்டுரையாளர், தஞ்சையில் பாலிடெக்னிக் கல்லூரியொன்றில் மின்னியல் விரிவுரையாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.)