ரயிலடியில் பன்னிரண்டு ஆண்டு!

தோழனே!

பழனி மலையின் கிழக்குப் புறத்தே 'கோடைக்கானல் ரோடு' ரயில் நிலையம். பெயரிலே கோடைக்கானல், இருப்பதோ அம்மையநாயக்கனூரில்! மலை அத்துணை உயரம். அதற்காக எவரையும் குற்றம் சாட்டேன்.

மலையின் தென்புறத்தைப் பார்! மதுரை-போடி பாதை, 90 கிலோமீட்டர், 1928இல் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்தான் வெள்ளையன். விடுதலைக்குப் பின் மீண்டது. அகலப் பாதையாக்குகிறோம் என்று 2010 இறுதியில் நிறுத்தினர். தேனிக்கு ரயில் திரும்பியது 2022 மே திங்களில். போடிக்கு 2023 ஜூனில்! ரயில் நின்றபின் முதல் வகுப்பில் சேர்ந்த சிறுவன், பள்ளிப் படிப்பையே முடித்துவிட்டான்!

அமெரிக்காவின் குறுக்கே ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் பாதையை 1863இல் தொடங்கி 1869இல் முடித்தனர். இங்கே என்ன குறை? உழைப்பா? அறிவா? இரண்டும் உண்டு, உரிமைதான் இல்லை! ரயில்வே, மத்தியப் பட்டியலின் 22ஆம் இனம். ஏலக்காய் மணப்பது போடியில். அந்தப் பாதைக்கு எந்த ஆண்டு எவ்வளவு என்றெழுதும் பேனா டில்லியில்!

"ரயில்தான் வந்துவிட்டதே" என்பாருண்டு. வந்த ரயிலை வரவேற்போம். வாராதிருந்த ஆண்டுகளுக்குக் கணக்குக் கேட்க வேண்டாமா? கேள், தோழனே! மாநில சுயாட்சி மேடை அலங்காரமன்று. ரயிலடியில் காத்திருந்தவனின் பெருமூச்சு!