விசாரணைக்கு முன் தீர்ப்பு

இப்பூமியையன்றி வேறெங்கேனும் அறிவுள்ள ஜீவர்கள் உளரோ என்ற கேள்விக்கு விடை தேடுவதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டவர் அமெரிக்க வானசாஸ்திரி ஸ்ரீமதி ஜில் டார்ட்டர். 2012-ம் வருஷத்தில் அவர் ஆராய்ச்சித் தலைமைப் பதவியினின்றும் விலகும் வரையில் ஒரு சமிக்ஞையும் அகப்படவில்லை. ஆதலின் அவருடைய உழைப்பு வீண் என்று சிலருக்குத் தோன்றலாம். நாம் அவ்வாறு கருதவில்லை.

1944-ல் பிறந்த இம்மாது, கார்னெல் சர்வகலாசாலை இஞ்சினீரிங் வகுப்பில் சுமார் 300 மாணவர்களிடையே தாம் ஒருவரே பெண்ணாகப் பயின்று தேறியவர். 1984-ல் ஸெடி ஸ்தாபனத்தை நிறுவியவர்களுள் அவரும் ஒருவர். அவர் கைக்கொண்ட முறை எளிதில் விளங்கக்கூடியது. இயற்கையில் எழும் ரேடியோ ஓசை பல அலைவரிசைகளில் பரவி நிற்கும். கருவி கொண்டு எழுப்பும் ஓசையோ மிகக் குறுகிய ஓர் அலைவரிசையில் ஒடுங்கி நிற்கும். அத்தகைய ஒடுங்கிய ஓசை நக்ஷத்திரங்களின் திசையிலிருந்து வருகிறதா என்று, கோடிக்கணக்கான அலைவரிசைகளில் ஒருங்கே செவி சாய்ப்பதே அம்முறை.

கொலம்பஸ் அமெரிக்கக் கரை சேர்ந்த 500-வது ஆண்டு நிறைவு நாளாகிய 1992 அக்டோபர் 12-ந் தேதியன்று, நாஸா இத்தேடலைச் சர்க்கார் செலவில் தொடங்கிற்று. ஓராண்டு நிறைவதற்குள், 1993-ல், நெவாடா மாகாண செனெட்டர் ரிச்சர்ட் பிரையன் கொணர்ந்த திருத்தத்தின் பேரில் அமெரிக்கக் காங்கிரஸ் பணத்தை நிறுத்திவிட்டது. வருஷச் செலவு சுமார் 1 கோடியே 20 லட்சம் டாலர். நாஸாவின் மொத்தச் செலவில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு!

பிரஜைகளின் வரிப்பணத்தைக் காப்பது சட்டசபையின் கடமையே. வீண் செலவைக் கண்டிப்பதில் நாம் எவருக்கும் பின்வாங்கியதில்லை. ஆனால் கணக்குப் பார்ப்பது வேறு, பரிகாசம் செய்வது வேறு. செவ்வாய்க் கிரகவாசிகளை வேட்டையாடுவதாக நகைத்து ஓர் ஆராய்ச்சியை ஒழிப்பது, சாக்ஷிகளை விசாரிக்குமுன் வழக்கைத் தள்ளுபடி செய்வதற்கு ஒப்பாகும். இல்லை என்று சொல்வதற்கும் தேடிப் பார்த்திருக்க வேண்டுமன்றோ?

ஸ்ரீமதி டார்ட்டர் சோர்ந்து போகவில்லை. தனவந்தர்களிடம் நன்கொடை பெற்று, 1995-ல் ஆஸ்திரேலியாவிலுள்ள பார்க்ஸ் ரேடியோ டெலஸ்கோப்பில் வேலையை மீண்டும் தொடங்கினார். 2004 வரை சுமார் 800 நக்ஷத்திரங்கள் சோதிக்கப்பட்டன. விடை கிடைக்கவில்லை. எனினும், சமுத்திரத்தில் ஒரு தம்ளர் நீரை மொண்டு பார்த்து, அதில் மீன் இல்லாமையால் சமுத்திரத்திலேயே மீன் இல்லை என்று எவர் சாதிப்பார்? நக்ஷத்திரங்களைச் சுற்றும் கிரகங்கள் 5,000-த்திற்கு மேல் இன்று கண்டறியப்பட்டுள்ளன. கேள்வியின் பலம் வளர்ந்திருக்கிறதேயன்றிக் குறையவில்லை.

தனவந்தர்களின் தயவும் நிலையானதன்று. கலிபோர்னியாவில் 42 தட்டுகளுடன் 2007-ல் அமைந்த டெலஸ்கோப் 2011-ல் பணமின்றி ஓய்ந்தது. அப்பொழுது பொதுஜனங்கள் 2 லட்சம் டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தனர். அவ்வாண்டிலேயே அது மறுபடி வேலை செய்யத் தொடங்கிற்று. பிரதிநிதிகள் நகைத்த கேள்வியை ஜனங்கள் கைவிடவில்லை.

உடனே பலன் தராத ஆராய்ச்சிக்கும் சிறு தொகையேனும் நிலையாக ஒதுக்குவது சர்க்காரின் பொறுப்பு. அதை உண்டியல் வசூலுக்கு விட்டுவிடுவது எந்த ராஜ்யத்திற்கும் அழகன்று என்பது நமது அபிப்பிராயம்.