பிள்ளையைப் பேரம் பேசலாமா?

மணமுறிவுப் பஞ்சாயத்துகளில் எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. மஹர் எவ்வளவு, நகை எத்தனை பவுன், திரும்ப வேண்டிய சீர்சாமான்கள் யாவை என்று பட்டியல் எழுதிச் சாட்சிகள் கையொப்பமிடுகிறார்கள். பிள்ளையைப் பற்றி மட்டும், 'தாயிடம் இருக்கட்டும், தகப்பன் வந்து பார்த்துக்கொள்ளட்டும்' என்ற ஒற்றை வரியோடு பதிவேடு மூடப்படுகிறது. எந்த நாளில், எங்கே, எத்தனை நேரம் என்று கேட்பாரில்லை. பின்னர் எழும் சண்டைகளுக்கெல்லாம் அந்த ஒற்றை வரியே வித்து.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. 'பிள்ளை வேண்டுமானால் மஹரை விட்டுவிடு' என்று மனைவியிடமும், 'பணம் வந்தால்தான் பிள்ளையைக் காட்டுவோம்' என்று கணவனிடமும் பேசப்படுகிறது. பெற்ற பிள்ளையை அடகுப் பொருளாக்கும் இவ்வழக்கத்துக்கு மார்க்கத்தின் பெயரைச் சூட்டுவதை நாம் வன்மையாக மறுக்கிறோம்.

மார்க்கம் சொல்வதென்ன? ஹிளானத் எனும் வளர்ப்புரிமையில் தாயே முந்தியவள். ஹனஃபீ மத்ஹபில் ஆண்பிள்ளைக்கு ஏழு வயது வரையும், பெண்பிள்ளைக்குப் பருவமடையும் வரையும் அவளுக்கு அவ்வுரிமை உண்டு. ஷாஃபிஈ மத்ஹபிலோ, விவரம் அறியும் வயதில் பிள்ளையே பெற்றோரில் ஒருவரைத் தேர்ந்துகொள்ளலாம். யார் வளர்த்தாலும் செலவு தந்தையின் கடமை. அல்பகறா அத்தியாயத்தின் 233ஆம் வசனம், பால்குடி மறக்கச் செய்வதைக்கூட இருவரின் கலந்தாலோசனைக்கும் சம்மதத்துக்கும் உட்படுத்துகிறது. பால் மறக்கடிக்கவே கலந்து பேச வேண்டுமென்றால், பள்ளியும் பெருநாளும் மருத்துவமும் பற்றிப் பேச வேண்டாமா?

நாட்டுச் சட்டமும் இதற்கு முரணன்று. 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் பிள்ளையின் நலனையே பார்க்கச் சொல்கிறது. 2015இல் சட்ட ஆணையம் தன் 257ஆவது அறிக்கையில் இருவரும் பகிர்ந்து வளர்க்கும் முறைக்கு இடமளிக்கப் பரிந்துரைத்தது. பிரிந்து வாழும் பெற்றோருக்குப் பிள்ளையை நேரில் காணவும் தொலைபேசியில் பேசவும் வகை செய்யப்பட வேண்டுமென்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

ஆரம்பாக்கத்தையே எடுத்துக்கொள்வோம். ரயிலில் அடுத்த நிலையம் தடா, அது ஆந்திரம். தாய் இங்கும் தந்தை அங்கும் இருந்தால் மாநிலம் இரண்டு, உயர் நீதிமன்றமும் இரண்டு. மனுவோ பிள்ளை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்துக்கே செல்ல வேண்டும். எனவே பிள்ளையை முதலில் தூக்கிச் செல்பவர் வழக்கையும் தம் ஊருக்கு இழுக்கப் பார்க்கிறார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்ப்பவருக்கு 'ஞாயிறுதோறும்' என்று எழுதிக் கொடுப்பதும் வீணே. அவருடைய ஓய்வு நாள் எதுவோ அதுவே பிள்ளையின் நாளாக வேண்டும்.

'இப்படியெல்லாம் எழுதினால் பிரிவை ஊக்குவித்ததாகாதா?' என்பார் சிலர். நகைக்குப் பட்டியல் எழுதியபோது எழாத இவ்வச்சம் பிள்ளைக்கு எழுதும்போது மட்டும் எழுவானேன்?

ஜமாஅத் பெரியவர்களே! பணக்கணக்கை ஒரு தாளிலும், பிள்ளையின் நாட்களை வேறொரு தாளிலும் எழுதுங்கள். ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தடுக்க இடமளியாதீர்கள். ஓய்வு நாள், பெருநாள், பள்ளி விடுமுறை, நோயுற்ற வேளை, பேசும் நேரம் அனைத்தையும் குறியுங்கள். பிள்ளை வளர வளர மாற்றி எழுதுங்கள். உங்கள் தாள் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாதென்பதையும் இருவருக்கும் சொல்லிவிடுங்கள். தலாக்கும் குலாவும் கணவன் மனைவியரைப் பிரிக்கும். தாயையும் தந்தையையும் பிள்ளையிடமிருந்து பிரிக்கும் அதிகாரத்தை உங்களுக்கு யாரும் தரவில்லை.