"ஸ்ட்ரைக்" என்றால் அடிப்பதா?

தோட்டத் தொழிலாளத் தோழர்களே!

"ஸ்ட்ரைக்" என்ற ஆங்கிலச் சொல் நம் லயங்களில் தமிழாகவே ஆகிவிட்டது. பள்ளிக்கூடம் பார்த்திராத பாட்டிக்கும் அது விளங்கும். ஆனால், "ஸ்ட்ரைக் என்றால் அடி என்று பொருள், ஆகவே ஸ்ட்ரைக் செய்கிறவன் முதலாளியை அடிக்கக் கிளம்பிய கலகக்காரன்" என்று நம்மீது பழி சுமத்துவோரும் உண்டு. இது உண்மைதானா?

அச்சொல்லுக்குப் பொருள் பல. கடிகாரம் மணி அடித்தாலும் ஸ்ட்ரைக். தீக்குச்சியைக் கிழித்தாலும் ஸ்ட்ரைக். பட்டியலிலிருந்து பெயரை நீக்கினாலும் ஸ்ட்ரைக். கூடாரத்தைப் பிரித்தாலும் ஸ்ட்ரைக்தான். மிகப் பழைய ஆங்கிலத்திலோ அதன் மூலச் சொல்லுக்குத் தடவுதல், செல்லுதல் என்பனவே பொருள். அடித்தல் என்பது பின்னால் வந்து சேர்ந்தது. கப்பற்காரர்களிடம் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு. அதுதான் பாயை இறக்குதல்.

நம்முடைய ஸ்ட்ரைக் பிறந்தது இந்தக் கப்பற்பாயிலிருந்துதான். 1768-ஆம் ஆண்டு லண்டன் தேம்ஸ் நதியில் நின்ற கப்பல்களின் மாலுமிகள் கூலி உயர்வு கேட்டனர். கிடைக்கவில்லை. கப்பல்களின் பாய்களை இறக்கிவிட்டனர். பாய் இல்லாமல் அக்காலத்துக் கப்பல் நகருமா? அவ்வாண்டு லண்டனில் அடிதடியும் நடந்ததுண்டு, மறைப்பதற்கில்லை. ஆனால் கப்பலை நிறுத்தியது அடிதடியன்று, இறக்கிய பாய்தான். பிறகு எத்தொழிலில் வேலையை நிறுத்தினாலும் அதற்கு ஸ்ட்ரைக் என்றே பெயராயிற்று.

நம் நாட்டுக்கு வருவோம். 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் முன்னோர் கத்தியையும் வாளியையும் கீழே வைத்தனர். அவர்கள் கேட்டது என்ன? சீனத் தொழிலாளருக்கு ஈடான கூலி. கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பது. துரையைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கும் இழிவு ஒழியவேண்டும் என்பது. கிடைத்தது என்ன? தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது. தொழிலாளர் சிலர் சுடப்பட்டு மாண்டனர். ஸ்ட்ரைக் என்றால் அடி என்போரைக் கேட்கிறோம்: அன்று துப்பாக்கி யார் கையில் இருந்தது?

தோழர்களே, இச்சொல்லின் வரலாற்றில் நமக்கும் பாடம் உண்டு. ஒரு கப்பல் மட்டும் பாயை இறக்கினால் துறைமுகம் நிற்காது. ஒருவன் கோபித்துக்கொண்டு பெரட்டுக்குப் போகாவிட்டால், அவன் பெயருக்கு நேரே 'ஆப்சென்ட்' விழுமே தவிர, அது ஸ்ட்ரைக் ஆகாது. கூடிப் பேசி, இரகசிய வாக்களித்து, எல்லோரும் ஒன்றாக நிறுத்தினால்தான் அதற்கு வலிமை. கல்லெறிந்து கண்ணாடியை உடைப்பவன், நம்மைப் பழிப்போரின் அகராதிக்குச் சாட்சி சொல்கிறான்.

மாலுமிகள் பாயைக் கிழிக்கவில்லை, இறக்கினார்கள். நியாயமான கூலி கிடைத்தால் அதே பாயை அதே கைகள் மீண்டும் ஏற்றும். நாம் வேலையை வெறுப்பவர்கள் அல்லர். வேலைக்கேற்ற கூலி கேட்பவர்கள். அதுவே ஸ்ட்ரைக்!