தணிக்கை திருட்டைப் பிடிக்கவா, கூலியை வெட்டவா?

ஊர்ப் பணத்துக்குக் கணக்கு வேண்டும். இதில் நமக்கு இரண்டு கருத்துக் கிடையாது. வீட்டு வரியும் தண்ணீர் வரியும் உழைக்கிறவன் வியர்வையிலிருந்து வருகின்றன. அந்தப் பணத்தில் போட்ட சாலை ஒரு மழைக்குத் தாங்கவில்லை என்றால், வராத ஆள் வந்ததாக மஸ்டர் ரோலில் கைநாட்டு விழுந்திருக்கிறது என்றால், ஏட்டைப் புரட்டிக் கேள்வி கேட்க ஓர் ஆள் வேண்டும். அவர்தான் சர்க்கார் தணிக்கையாளர். திருடுகிறவனுக்கு அவர் எதிரி. மில்லிலும் வயலிலும் பாடுபடுகிறவர்களுக்கு அவர் எதிரியாக இருக்கக் காரணமே இல்லை.

ஆனால், தணிக்கையாளரின் பேனா தானாக எழுதுவதில்லை. அவரை நியமிப்பவர் யார்? எந்தச் செலவை வீண் செலவு என்று சொல்லச் சட்டம் அவருக்கு இடம் கொடுக்கிறது? அவர் எழுதியதைப் படிக்கும் உரிமை யாருக்கு உண்டு? இந்த மூன்று கேள்விகளுக்கும் கிடைக்கும் பதிலைப் பொறுத்துத்தான் அந்தப் பேனா யார்மீது பாயும் என்பது முடிவாகும்.

இதைப் புரிந்துகொள்ளப் பிரிட்டனின் கதையைத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டு ஸ்தல ஸ்தாபனங்களின் தணிக்கை முறைக்கு அச்சு வார்த்தவர்கள் அவர்கள்தான்.

ஏழையின் கஞ்சியை அளக்கப் பிறந்த பதவி

பிரிட்டனில் 'ஜில்லா தணிக்கையாளர்' என்ற பதவி 1840-களில் பிறந்தது. அதற்குச் சற்று முன்பு, 1834-ல், புதிய ஏழைகள் சட்டம் வந்திருந்தது. வேலையில்லாதவனுக்கு வீட்டில் உதவி செய்யாதே, அவனை அனாதை விடுதியில் அடைத்துக் கஞ்சி ஊற்று என்பது அந்தச் சட்டத்தின் சாரம். ஏழைக்குக் கொடுக்கும் உதவி அளவுக்கு மேல் போகிறதா என்று பார்க்கத்தான் தணிக்கையாளர் வந்தார். பிறகு நகரசபைக் கணக்குகளும் அவர் கைக்கு வந்தன.

அவர் கையில் ஓர் ஆயுதம் இருந்தது. சட்டத்துக்கு விரோதமான செலவு என்று அவர் கருதினால், அந்தத் தொகையை ஓட்டுப் போட்ட கவுன்சிலர்களின் சொந்தப் பையிலிருந்தே கட்டச் சொல்லலாம். நம் ஊரில் இதற்குத் 'தண்டத்தீர்வை' என்று பெயர். கூட்டுறவுச் சங்கங்களில் பழகியவர்களுக்கு இந்தச் சொல் தெரியும். கையாடல் செய்தவனிடம் தண்டத்தீர்வை வசூலிப்பது நியாயம். ஆனால் அதே ஆயுதம் பாப்ளரில் யார்மீது பாய்ந்தது?

பாப்ளரில் நடந்தது என்ன?

பாப்ளர் என்பது கிழக்கு லண்டனில் துறைமுகத்தை ஒட்டிய பகுதி. கப்பல் மூட்டை தூக்குகிறவர்களும் ரயில்வே தொழிலாளர்களும் வேலை கிடைக்காதவர்களும் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். 1919 நவம்பரில் நடந்த தேர்தலில் 42 இடங்களில் 39 இடங்கள் தொழிற்கட்சிக்குக் கிடைத்தன. ஜார்ஜ் லான்ஸ்பரி மேயரானார்.

1920-ல் அந்த நகரசபை ஒரு தீர்மானம் செய்தது. நகரசபையில் வேலை செய்யும் வயது வந்த ஒவ்வொருவருக்கும் வாரத்துக்குக் குறைந்தது 4 பவுன் கூலி. ஆணுக்கும் அதே கூலி, பெண்ணுக்கும் அதே கூலி. நூறு வருஷத்துக்கு முன்பு, நடவுக்குப் போகும் பெண்ணுக்கு ஆள் கூலியில் பாதி என்று உலகமே நடந்துகொண்டிருந்த காலத்தில், இந்தத் தீர்மானம் செய்தார்கள்!

1921-ல் அவர்கள் இன்னொரு போராட்டத்தில் இறங்கினார்கள். பணக்காரப் பகுதிகளில் வரி குறைவு, ஏழைப் பகுதிகளில் வரிச் சுமை அதிகம் என்ற அநியாயத்தை எதிர்த்து, மேல் ஸ்தாபனங்களுக்குக் கட்ட வேண்டிய பங்கைக் கட்ட மறுத்தார்கள். 30 கவுன்சிலர்கள் சிறைக்குப் போனார்கள். அதில் 5 பேர் பெண்கள். ஆறு வாரங்களில் சர்க்கார் இறங்கி வந்தது. ஏழைகளுக்கான உதவிச் செலவில் பெரும் பகுதியை லண்டன் முழுவதும் பகிர்ந்துகொள்ள ஏற்பாடு வந்தது. சிறையால் அவர்களை மடக்க முடியவில்லை.

பிறகு தணிக்கையாளர் வந்தார். 1922 மார்ச்சுடன் முடிந்த வருஷத்தின் கணக்கைப் பார்த்தார். யாரும் ஒரு காசு திருடவில்லை. பொய்க் கணக்கு எழுதவில்லை. அவர் கண்ட குற்றம் ஒன்றே ஒன்று. விலைவாசி இறங்கிய பிறகும் கூலியை இறக்காமல் 4 பவுனே கொடுத்திருக்கிறார்கள், வெளியில் இதைவிடக் குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்கும் என்பதுதான். 5,000 பவுனைக் கவுன்சிலர்கள் தலையில் கட்டினார்.

பஞ்சப்படிக்காகப் போராடிய மில் தொழிலாளிக்கு இந்த வாதம் புதிதல்ல. விலை ஏறினால் "பொறு" என்பார்கள். விலை இறங்கினால் "குறை" என்பார்கள். எப்படி இருந்தாலும் இழப்பு கூலிக்காரனுக்கு.

வழக்கு மேலே மேலே போனது. நடுவில் ஒரு கோர்ட்டு கவுன்சிலர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஏனென்றால், பொருத்தமென்று நகரசபை நினைக்கும் கூலியைக் கொடுக்கலாம் என்று சட்டமே எழுதி வைத்திருந்தது. ஆனால் 1925-ல் பிரபுக்கள் சபை அதைக் கவிழ்த்தது. நினைக்கலாம், ஆனால் நியாயமாக நினைக்க வேண்டும் என்றது. வரி கட்டுவோரின் பணத்துக்கு நகரசபை தர்மகர்த்தா மாதிரி என்றது. சோஷலிஸ்டு தர்ம சிந்தனையும், ஆணுக்கும் பெண்ணுக்கும் சமக் கூலி வேண்டும் என்ற ஆசையும் கவுன்சிலர்களைத் தப்பு வழியில் இழுத்துவிட்டன என்ற பொருளில் ஒரு பிரபு எழுதினார்.

பாப்ளரில் வரி கட்டியவர்கள் யார்? பெரும்பாலும் அதே தொழிலாளர்கள்தான். அவர்கள் அந்தக் கூலியை எதிர்த்தார்களா? 1922 தேர்தலிலும் அதே கட்சியைத்தான் நகரசபைக்கு அனுப்பினார்கள். ஜனங்கள் கொடுத்த தீர்ப்பை, ஜனங்களால் தேர்ந்தெடுக்கப்படாத ஓர் உத்தியோகஸ்தரும், ஜனங்களால் தேர்ந்தெடுக்கப்படாத பிரபுக்களும் சேர்ந்து அடித்தார்கள். இதற்குத் தணிக்கை என்று பெயர் வைத்தார்கள்.

1927-ல் இன்னும் ஒரு படி போனார்கள். 500 பவுனுக்கு மேல் தண்டத்தீர்வை விழுந்தவர் ஐந்து வருஷம் பதவிக்கு வர முடியாது என்று சட்டம் செய்தார்கள்.

ஏழைக்கு ஒரு கணக்கு, சீமாட்டிக்கு ஒரு கணக்கு

1972-ல் வீட்டு வாடகையை ஏற்றச் சொல்லி ஒரு சட்டம் வந்தது. டெர்பிஷயர் ஜில்லாவில் சுரங்கத் தொழிலாளர் ஊரான கிளே கிராஸில் 11 கவுன்சிலர்கள் ஏற்ற மறுத்தார்கள். 6,985 பவுன் தண்டத்தீர்வை விழுந்தது. பதவி போனது. கடைசியில் திவாலாக்கப்பட்டார்கள்.

ஆனால் அதே தணிக்கை முறை வேறொரு முகத்தையும் காட்டியது. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் நகரசபையில் 1980-களில் கன்சர்வேடிவ் கட்சியின் ஷெர்லி போர்ட்டர் தலைமை வகித்தார். பெரிய கடைக் கம்பெனியான டெஸ்கோவை ஸ்தாபித்தவரின் மகள். தங்கள் கட்சிக்கு ஓட்டுக் குறைவாக இருந்த வட்டாரங்களில் நகரசபையின் வாடகை வீடுகளை விற்று, தங்களுக்கு ஓட்டுப் போடக்கூடியவர்களைக் குடியேற்றத் திட்டம் போட்டார்கள். வீடில்லாத குடும்பங்கள் காத்துக்கிடக்க, ஓட்டுக்காக வீடுகள் கைமாறின.

இதை யார் வெளியே கொண்டுவந்தார்கள்? அந்தப் பகுதியில் குடியிருந்தவர்கள். தணிக்கைக் காலத்தில் எந்த வாக்காளரும் கணக்கைப் பார்க்கலாம், ஆட்சேபணை எழுதிக் கொடுக்கலாம் என்பது அந்த நாட்டுச் சட்டம். 1989-ல் அவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். பொதுத் தணிக்கைக் கமிஷன் நியமித்த தணிக்கையாளர் வருஷக்கணக்காகத் தோண்டினார். 1996-ல் 3 கோடி பவுனுக்கு மேல் நஷ்டம் என்று கண்டார். 2001-ல் பிரபுக்கள் சபையே அதை ஏற்றது. அப்போது அந்தச் சீமாட்டி தன்னிடம் 3 லட்சம் பவுன்தான் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தார். கடைசியில் 2004-ல் 1 கோடியே 23 லட்சம் பவுன் கட்டினார்.

பாப்ளரிலும் தணிக்கைதான். வெஸ்ட்மின்ஸ்டரிலும் தணிக்கைதான். ஒன்றில் பேனா கூலிமீது பாய்ந்தது. மற்றொன்றில் மோசடிமீது பாய்ந்தது. இரண்டாவதில் கணக்குப் புத்தகத்தின் பக்கத்தில் ஜனங்கள் நின்றார்கள் என்பதை மறக்கக் கூடாது.

தணிக்கையையே விற்றால்?

அப்படியானால் தணிக்கையே வேண்டாம் என்று சொல்லலாமா? கூடாது. அதையும் பிரிட்டன் செய்து பார்த்தது. 2000-ல் தண்டத்தீர்வையை எடுத்தார்கள். 2015-ல் பொதுத் தணிக்கைக் கமிஷனையே மூடினார்கள். வேலை முழுவதும் தனியார் கணக்குக் கம்பெனிகளுக்குப் போனது. சிக்கனம் என்று சொன்னார்கள்.

பலன் என்ன? 2023 செப்டம்பர் முடிவில் இங்கிலாந்தின் 467 ஸ்தல ஸ்தாபனங்களில் தணிக்கை முடிந்து கணக்கு வெளியானது 5-க்குத்தான். நூற்றுக்கு ஒன்று!

அதே மாதம் பர்மிங்ஹாம் நகரசபை தன்னிடம் பணமில்லை என்று கையை விரித்தது. காரணங்களில் ஒன்று எது தெரியுமா? சமையல், துப்புரவு, பராமரிப்பு வேலை செய்த பெண்களுக்குப் பல வருஷங்கள் சமக் கூலி கொடுக்காமல் ஏய்த்த பாக்கி. 76 கோடி பவுன் வரை போகலாம் என்று அன்று நகரசபை கணக்கிட்டது. 1920-ல் பாப்ளர் சமக் கூலி கொடுத்தது ஊதாரித்தனம் என்றார்கள். நூறு வருஷம் கழித்து, சமக் கூலி கொடுக்காததால் ஒரு மாநகரம் முடங்கியது. எது ஊதாரித்தனம், எது சிக்கனம்?

அந்தச் சுமையை யார் சுமந்தார்கள்? வரி ஏறியது. சேவைகள் வெட்டுப்பட்டன. குப்பை அள்ளும் தொழிலாளர்கள் சம்பளக் குறைப்பை எதிர்த்து 2025 மார்ச்சில் காலவரையற்ற வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள்.

நமக்கு என்ன பாடம்?

நம் அரசியல் சட்டத்தின் 243-ஜே பிரிவு, பஞ்சாயத்துக் கணக்குகளின் தணிக்கையை மாநிலச் சட்டத்துக்கு விட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை என்று சர்க்கார் துறையே இருக்கிறது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-ல் வந்தது. தணிக்கை அறிக்கை கிராமசபைக்கு வர வேண்டிய விஷயம். கிராமசபை கூடும் நாட்களில் மே தினமும் ஒன்று.

ஆகவே நாம் சொல்வது இதுதான். தணிக்கை சர்க்கார் உத்தியோகஸ்தர் கையில் இருக்கட்டும், தனியார் கம்பெனிக்குப் போக வேண்டாம். அவர் பொய்க் கையெழுத்தைப் பிடிக்கட்டும், போடாத ஜல்லியைப் பிடிக்கட்டும், கமிஷன் வாங்கிய கையைப் பிடிக்கட்டும். தூய்மைப் பணியாளருக்கும் தண்ணீர்த் தொட்டி இயக்குகிறவருக்கும் எவ்வளவு கூலி என்பதைக் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் ஜனங்கள் தேர்ந்தெடுத்த சபையும் முடிவு செய்யட்டும். வெளியில் மலிவாக ஆள் கிடைக்கும் என்று சொல்வது தணிக்கையாளரின் வேலையல்ல.

கிராமசபைக்குப் போகும் தோழர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பி வரக் கூடாது. தணிக்கை அறிக்கையைத் தமிழில் வாசிக்கச் சொல்லுங்கள். தணிக்கைத் தடைகள் எத்தனை, எத்தனை வருஷமாக நிற்கின்றன, யாரிடம் எவ்வளவு வசூலாக வேண்டும் என்று கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த வாலிபர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். தனியாகக் கேட்டால் விரட்டுவார்கள். தெருவே எழுந்து கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.